லூட்டும் இரண்டு விரல்களும்

அன்புள்ள தபித்தாளுக்கு,

கர்த்தர் கிருபையில் நலமாக இருக்கிறேன். நீயும் நம் குட்டி மகள் ஆஷ்லியும் சுகமா? அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா? போனில் சொன்னால் நீ அழுவாய், எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் ஃபாக்டரி மெஷினில் இடது கை லேசாக மாட்டியது என்றேனே, அந்தக் காயம் ஆறிவிட்டது. இரண்டு விரல்களில் மட்டும் இன்னும் உணர்ச்சி இல்லை. மெதுவாக வரும் என்கிறார் டாக்டர். கிட்டார் கம்பி விரலை அறுத்தது, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதனால் ஆன்லைனில் இருந்ததிலேயே மலிவான லூட் ஒன்று வாங்கினேன். கிட்டாருக்குச் சொந்தம்தான், ஆனால் நைலான் தந்தி, மெதுவாக அழுத்தினாலே போதும். பக்கத்து வீட்டு ரேணுகா அக்கா பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, பூசணிக்காயப் பாதியா வெட்டிக் கழுத்து வெச்ச மாதிரி இருக்குதுங்களே!" என்று சிரித்தார். மடியில் வைத்தால் அதன் உருண்டை முதுகு வழுக்குகிறது. தந்திகள் ஜோடி ஜோடியாக இருப்பதால், கிட்டார் பழகிய விரல் ஜோடியில் ஒரு தந்தியை விட்டுவிடுகிறது. கீழ் கோத்தகிரிப் பனியில் சுருதியும் நிற்பதில்லை.

நேற்று ஒரு பாட்டை முழுதாக வாசித்தேன். சரியாகவே வந்தது. யாரோ வாசிப்பதைக் கேட்பது போல இருந்தது. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. ஸ்வெட்டரும் வேண்டும். பட்டன் வைத்தது வேண்டாம், தலைவழியாகப் போடுவதை அனுப்பு.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும்போது ஆஷ்லி என் வலது பக்கம் வரட்டும். அவள் கையைப் பிடித்திருப்பது எனக்குத் தெரிய வேண்டும்.

ஃபாக்டரி சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன்
பவுல்ராஜ்