ஓரம் தெரியாத கண்கள்

2024 பெப்ரவரி 10, சனி

ஷெல்டனின் கலியாண மோதிரத்தை இன்று செட்டியார் தெரு நகைக்கடையில் வெட்டி எடுத்தோம். சவர்க்காரத்துக்கும் தேங்காயெண்ணெய்க்கும் அது அசையவில்லை. விரல் வீங்கியிருக்கிறதா என்று கடைக்காரர் கேட்டார். வீக்கமில்லை; விரலே தடித்துப்போயிருந்தது. திரும்பும் வழியில் புறக்கோட்டையில் சப்பாத்தும் பெரிய சைஸில் வாங்க வேண்டியதாயிற்று. கொள்கலன் யார்டில் போர்க்லிஃப்ட் வண்டியில் இருந்து இருந்து உடம்பு வைத்துவிட்டது என்று சிரிக்கிறார். நாற்பத்தாறு வயதில் யாருக்குக் கால் வளரும்?

மார்ச் 5

மறுபடியும் தலையிடி. பனடோலோடு வேலைக்குப் போனார். அவருடைய குறட்டையால் மகள் றஷ்மி பாயைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டாள். பெண்பிள்ளை, பரீட்சை வருஷம். ஏசினால் அவருக்குக் கோபம் வருகிறது. முந்தி இப்படிக் கோபிக்கிற மனிதரில்லை.

மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு

பூசை முடிந்து செபஸ்தியனும் மனைவி றோஸியும் சாப்பிட வந்தார்கள். எங்கள் ஒழுங்கைதான், மூன்று வீடு தள்ளி. செபஸ்தியன் ஷெல்டனோடு ஒரே யார்டில் கொள்கலன் இலக்கங்களைச் சரிபார்க்கிறவர், றஷ்மிக்கு ஞானத்தகப்பன். ஷெல்டன் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த கறிக் கோப்பையையும் தட்டிவிட்டார். "காலமையே தண்ணி போட்டிட்டியோ மச்சான்" என்று செபஸ்தியன் பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தோம்.

மே 7

செபஸ்தியன் செத்துப்போனார். ஷெல்டன் ஓட்டிய போர்க்லிஃப்ட். ஆண்டவரே.

மே 10

இன்றுதான் எழுத முடிகிறது.

செபஸ்தியன் கொள்கலனின் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஷெல்டன் வண்டியைத் திருப்பியிருக்கிறார். பட்டப்பகல், மழையில்லை, மறைப்பில்லை. பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது, பிணையில் வந்திருக்கிறார். சாப்பாடில்லை. சுவரைப் பார்த்தபடி ஒன்றையே சொல்கிறார். "நான் பாத்தனான் யூஜி. பக்கத்தில ஆருமில்லை. அங்க ஆருமே இருக்கேல்லை."

அடக்கத்துக்குப் போகவில்லை. வர வேண்டாமென்று றோஸியின் தம்பி வந்து வாசலில் சொல்லிவிட்டுப் போனார். குடித்துவிட்டு ஏறினான் என்று ஒழுங்கை முழுக்கக் கதை. பொலிஸ் சோதனையில் குடி இல்லை. அதை ஆர் கேக்கினம்?

மே 22

வழக்குக்காக வைத்தியப் பரிசோதனை. இளம் சிங்கள டொக்டர், பெண். அறிக்கை எழுத வந்தவள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவருடைய கைகளையே பார்த்தாள். பிறகு அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த படத்தை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். நானும் பார்த்தேன். தாடை முன்னுக்கு வந்திருக்கிறது. மூக்கு அகன்று, பல்லுக்குப் பல் இடைவெளி விழுந்திருக்கிறது. ஒரே கட்டிலில் படுக்கிறேன் — நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் விரலை ஆட்டினாள். அவருக்குத் தெரியவில்லை. விரல் நடுவுக்கு வந்த பிறகுதான், "இப்ப இருக்கு" என்றார். இரண்டு கண்ணும் அப்படியே. வெளி ஓரம் முழுக்க இல்லை.

ஜூன் 6

ஸ்கான் வந்துவிட்டது. கபச்சுரப்பியில் கட்டி.

பள்ளிக்கூடத்தில் பதினோராம் ஆண்டுக்கு நான்தான் இந்தப் பாடம் எடுக்கிறேன். மூளையின் அடியில் கடலை அளவில் ஒரு சுரப்பி. அதுதான் மற்றச் சுரப்பிகளுக்கு வேலை சொல்வது, உடல் வளரவும் சொல்வது. நரம்பு சொல்வது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் போய்ச் சேரும், ஓமோன் இரத்தத்தில் கலந்து ஆறுதலாக, மெல்ல மெல்லப் போய்ச் சொல்லும் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். ஆறுதலாகத்தான் வந்திருக்கிறது. வருஷக் கணக்காக வளர் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கையும் காலும் தாடையும் கேட்டு வளர்ந்திருக்கின்றன. அந்தச் சுரப்பிக்கு நேர் மேலேதான் இரண்டு கண்ணின் பார்வை நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. கட்டி பெருத்து அந்த இடத்தை நெரிக்கிறது. அதனால்தான் ஓரங்கள் போய்விட்டன.

செபஸ்தியன் ஓரத்தில்தான் நின்றிருக்கிறார்.

ஜூன் 13

கொச்சிக்கடையில் அந்தோனியார் திருநாள். வெடிச் சத்தம் வீடுவரை கேட்டது. நாங்கள் போகவில்லை.

ஜூலை 18

மூக்கு வழியாக அறுவைச் சிகிச்சை. காலையில் கொண்டுபோனவரைப் பின்னேரம்தான் காட்டினார்கள். மூக்கில் பஞ்சு அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தார். றஷ்மி வெளியே போய் நின்று அழுதாள்.

ஆகஸ்ட் 20

கட்டியோடு சுரப்பியும் கெட்டுப்போயிற்று. அது சொல்லாவிட்டால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பியும் வேலை செய்யாது. அந்த ஓமோனை இனிச் சாகும்வரை குளிசையாகப் போட வேண்டும். காய்ச்சல் வந்தால் கூட்டிப் போட வேண்டும், ஒருநாளும் விடக்கூடாது, விட்டால் உயிருக்கு ஆபத்து.

பார்வை திரும்பவில்லை. நரம்பு கனகாலம் நெரிபட்டுவிட்டதாம். நேரே இருப்பது மட்டும் தெரியும், இனி இவ்வளவுதான் என்றார்கள்.

செப்டெம்பர் 8

ஸ்கான் படத்தையும் எடுத்துக்கொண்டு நானே றோஸியிடம் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாம் விளங்கப்படுத்தினேன் — சுரப்பி, நரம்பு, ஓரம். வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைக்க வெட்கமாயிருக்கிறது. அவள் கடைசிவரை கேட்டாள்.

"டீச்சர், உங்கட புத்தகத்தில இருக்கிறது சரியா இருக்கும். என்ர மனிசனுக்கு ஒரு நோய் வருத்தமும் இருக்கேல்லை."

முந்தி அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

நவம்பர் 21

நீதிமன்றம். டொக்டரின் அறிக்கையே போதும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம் என்று லோயர் படித்துப் படித்துச் சொன்னார். றோஸி பின் வரிசை வாங்கில் இருந்தாள். நீதவான் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று வழமைக்குக் கேட்டார். ஷெல்டன் எழும்பினார்.

சிங்களத்தில், மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் இருப்பது தெரியவில்லை என்பது மார்ச் மாதமே தனக்குத் தெரியும். நிலையில் இடித்தது, யார்டில் தூணில் உரசியது எல்லாம் தெரியும். சொன்னால் வண்டியில் ஏற்றமாட்டார்கள் என்ற பயத்தில்தான் சொல்லவில்லை. வருத்தம் இன்னதென்று தெரியாது, ஆனால் கண் பிழை என்று தெரிந்துதான் ஏறினேன் என்றார்.

லோயர் கையிலிருந்த ஃபைலை மூடினார்.

ஒத்திவைத்த சிறைத்தண்டனை, உள்ளே போகத் தேவையில்லை. வருத்தத்தைப் பார்த்துத் தந்த சலுகை. வெளியே வந்ததும் சத்தம் போட்டேன், றோட்டென்றும் பார்க்கவில்லை. எங்களைப் பற்றி யோசிச்சனீங்களா, பிள்ளையைப் பற்றி யோசிச்சனீங்களா? எனக்குக்கூடச் சொல்லேல்லையே!

"வருத்தத்தில பழியைப் போட்டிட்டு அந்த ஒழுங்கையால நடக்க ஏலாது யூஜி," என்றார்.

கொட்டாஞ்சேனை வரும்வரை பஸ்ஸில் வேறு சீட்டில் இருந்தேன். இப்போதும் கோபம்தான். அவரைப் பார்க்கவும் ஏலவில்லை, விட்டுவிட்டு இருக்கவும் ஏலவில்லை.

டிசம்பர் 15

ஞாயிறு தோறும் பூசை முடிந்து றோஸியின் வாசலில் போய் நிற்கிறார். அவள் திறப்பதில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவார். போக வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தடுக்கி விழுவாரோ என்று நானும் பின்னால் போகிறேன்.

டிசம்பர் 25

றஷ்மி மட்டும் பூசைக்குப் போனாள்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

இன்றும் போனார். நான் றோட்டில் நின்றேன்.

கதவு திறந்தது. றோஸிதான். அவள் விலகி நின்றாள். இவர் உள்ளே போய், எங்கே உட்கார்ந்து இருப்பதென்று தெரியாமல் நடுவில் நின்றார். கதிரை இடப்பக்கத்தில் இருந்தது. அவருக்குத் தெரியாத ஓரம். றோஸி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தக் கதிரையைத் தூக்கி, அவருடைய கண்ணுக்கு நேரே கொண்டுவந்து வைத்தாள்.