பதினோராவது ஓட்டு

இன்று காலை வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிற டீச்சர் என் டைப்பிங் கடைக்கு வந்தார். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி முகம் கறுத்திருந்தது. தாள் கட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டி உன் படத்தைக் காட்டி, "இவங்க வீடு பூட்டிக் கெடக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவங்களாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். போன ஐப்பசி மழையில் காய்ச்சலோடு படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றும், மகன் குடும்பத்தோடு ஊருக்கு வெளியே குடிபோய்விட்டான் என்றும் சொன்னேன். அவர் உன் பெயருக்கு எதிரே 'இறப்பு' என்று எழுதி, அதற்குக் கீழே என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

படத்தில் நீ முறைத்துக்கொண்டிருந்தாய். கேமராக்காரன் சிரிக்கச் சொல்லியிருப்பான், அதனாலேயே சிரித்திருக்கமாட்டாய். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு விவாகரத்து மனுவில் கணவன் பெயரையும் மனைவி பெயரையும் மாற்றி அடித்துவிட்டேன். வக்கீல் குமாஸ்தா கத்திவிட்டுப் போனான்.

நீ முதல்முதலாக என் கடைக்கு வந்தது நினைவிருக்கிறது. சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிரே வரிசையாக டைப்பிங் கடைகள் இருக்க, என் கடைக்குத்தான் ஏறி வந்தாய். புடவையெல்லாம் கீரைத் தண்ணீர். "பொம்பள கடைன்னுதான் வந்தேன். ஆம்பளைங்ககிட்ட சொல்ற விசயமில்ல" என்றாய். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பெண்கள் கழிப்பறைக்கு எப்போதும் பூட்டு. சாவி டீக்கடையில். விடிவதற்கு முன்பே கீரைக்கட்டோடு வந்து உட்காருகிற பெண்கள் ஒவ்வொரு தடவையும் டீ குடிக்கிற ஆண்களுக்கு நடுவே போய் நின்று சாவி கேட்க வேண்டும். அதற்குப் பயந்து காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்கள் இருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் நீ மனு எழுத வந்தாய்.

நான் வழக்கம்போல 'பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்று ஆரம்பித்தேன். படிக்கச் சொல்லிக் கேட்டாய். "இன்னாத்துக்குமே பணிவு? ஒண்ணுக்குப் போறதுக்குக் கூடப் பணிஞ்சிக்கினு போவணுமா? எடு அத்த" என்றாய். எடுத்தேன். முப்பது வருடத் தொழிலில் பணிவு இல்லாமல் நான் அடித்த முதல் மனு அதுதான். டைப்ரைட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் வைத்து எத்தனையோ காலமாகியும் நீ மட்டும் என்னை 'டைப்பு' என்றே கூப்பிட்டாய். "இன்னாமே டைப்பு, சாப்ட்டியா?" என்று சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாய். கோர்ட்டுக்கு வந்த வக்கீல்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள்.

கார்ப்பரேஷன் தேர்தலில் நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அடுத்த நாளே போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். ஆள் உயரத்துக்கு அந்த வட்டாரப் புள்ளியின் முகம், ஓரத்தில் தபால்தலை அளவுக்குக் கைகூப்பியபடி அவர் மனைவி. பாவம், அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரசாரத்தில் அவளை ஜீப்பில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பேசியதெல்லாம் அவர். நீ போஸ்டர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தாய். "நானும் நிக்கிறேன். பாரம் எத்தினி பக்கமோ அடி" என்றாய்.

உன் வேட்புமனுவை அடித்தது நான். உறுதிமொழிப் பத்திரம் அடித்தது நான். துண்டுப் பிரசுரத்தில் என்ன போடலாம் என்று கேட்டபோது, சாலை, குடிநீர், மின்விளக்கு என்று நான் அடுக்க, நீ தலையை ஆட்டிவிட்டு, "பூட்ட எடுப்பேன். அவ்ளோதான் போடு. செய்ய முடிஞ்சத மட்டும் சொல்லணும்" என்றாய். இஸ்திரிப் பெட்டி சின்னம் கிடைத்தது. "வூட்டுல போட்ட இஸ்திரி பத்தாதுன்னு கெவுருமெண்டும் இதையே குடுக்குது பாரேன்" என்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

அந்த நாட்களில் நான் நிறையப் பேசினேன். நீ கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாய். பெண்ணுக்கு ஓட்டு இருந்து என்ன பிரயோஜனம், அது எந்தச் சின்னத்துக்கு என்று காலைச் சாப்பாட்டின்போது வீட்டு ஆம்பளைதானே முடிவு செய்கிறான் என்பேன். நமக்கு இலவச பஸ் கொடுக்கிறார்கள், கையில் ஏதோ கொடுக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் அந்த பஸ்ஸில்தான் போகிறேன். ஆனால் கொடுக்கிற இடத்தில் நம்மை உட்கார வைக்கிறார்களா என்பேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. நீ ஒரு தடவை மட்டும் குறுக்கே பேசினாய். "டைப்பு, ஆம்பள முடிவு பண்றான் சரி. அங்க போய் அமுக்குறது யாரு வெரலு?" என்றாய். அதற்கு நான் ஏதோ பெரிய பதிலாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

ஓட்டுப்போடும் நாளன்று நானும் வீட்டுக்காரரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அதிகம் பேசமாட்டார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சின்னம்தான். எந்தத் தேர்தலானாலும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "நம்ம வழக்கம்போலத்தான்" என்பார், நான் தலையாட்டுவேன். அன்றைக்கும் வாசலில் வைத்து அதையே சொன்னார். நான் கதவைப் பூட்டினேன். மனதுக்குள், இந்தத் தடவை பார் என்று சொல்லிக்கொண்டேன்.

கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் வரிசை நீளமாக இருந்தது. உள்ளே போய் விரலில் மை வைத்துக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்றேன். அங்கே யாரும் இல்லை. என் அப்பா இல்லை, மாமியார் இல்லை, வீட்டுக்காரர் இல்லை. இஸ்திரிப் பெட்டி கீழேயிருந்து இரண்டாவதாக இருந்தது, கண்ணால் பார்த்தேன். ஆனால் விரல் தானாக மேலே போய் வழக்கமான சின்னத்தை அமுக்கிவிட்டது. பீப் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. தவறி அமுக்கினேன் என்றெல்லாம் உன்னிடம் இப்போது கதை விடமாட்டேன். அந்த ஒரு நொடியில் பயம் வந்தது. எதற்குப் பயம், யாரிடம் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நீ ஜெயிக்கப்போவதில்லை, ஓட்டு ஏன் வீணாகவேண்டும் என்றும் ஒரு ஓரத்தில் நினைத்தேன். அதுவும் உண்மைதான்.

எண்ணிக்கை முடிந்த மறுநாள் நீ ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தாய். தோற்றவள் மாதிரியே இல்லை. நம் பூத்தில் உனக்குப் பதினோரு ஓட்டு. பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாய். நீ, மகன், மருமகள், நம் தெருவில் இருக்கிற மார்க்கெட் பெண்கள் ஏழு பேர். "பத்து ஆச்சா? பதினொண்ணாவது யாருன்னு சொல்லு பாப்போம்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். "வூட்டுக்காரருக்குத் தெரியாம போட்டுட்டு வந்துட்டல்ல? இந்த ஒண்ணு போதும்மே எனக்கு. மத்ததெல்லாம் எங்க ஜனம், போட்டுத்தான் ஆவணும். நீ உன் இஸ்டத்துக்குப் போட்ட பாரு" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. நான் "ஆமா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ எனக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை வைத்துவிட்டுப் போனாய்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உனக்கும் தெரியும். ஜெயித்த அம்மாவைப் பார்க்க வார்டு ஆபீசுக்குப் போனோம். நாற்காலியில் அவள் கணவர். "மேடம் வேலையா இருக்காங்க, எங்கிட்டயே சொல்லுங்க" என்றார். நீ, "மேடம் வர்ற வரிக்கும் குந்திக்கினு இருக்கோம்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாய். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். அவள் வரவே இல்லை. பூட்டை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள். சாவி இன்னும் டீக்கடையில்தான் தொங்குகிறது. அடுத்த தடவையும் நிற்பேன் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த அடுத்த தடவைக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஒரே ஒரு தடவை ஒழுங்காக அமுக்கிவிட்டால் அந்த 'ஆமா' பொய்யில்லாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீ அதற்குள் போய்விட்டாய்.

இத்தனை நாளும் வீட்டுக்காரர் மேல்தான் எனக்குக் கோபம். அன்று வாசலில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து, சாம்பாரில் உப்பு கூட என்று அவர் சொன்னால்கூட எரிந்து விழுந்திருக்கிறேன். என் உரிமையைப் பறித்த ஆள் கண்ணெதிரே பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது கோபப்படுவது சுலபமாக இருந்தது.

இன்று சாயங்காலம் டீ கொடுக்கும்போது, உன் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"பாவம், தைரியமான பொம்பள. நாம போட்ட ரெண்டு ஓட்டாவது அதுக்கு விழுந்துதே" என்றார்.

"ரெண்டா?"

"நீ ஒண்ணு, நான் ஒண்ணு."

"வழக்கம்போலன்னு சொன்னீங்களே!"

"வாசல்ல கட்சிக்காரப் பசங்க நின்னுட்டிருந்தாங்கள்ல, அவங்களுக்காகச் சொன்னேன். நாள் முழுக்க அந்தம்மாவுக்கு டைப் அடிச்சுக் குடுத்தவ நீ. நீ வேற யாருக்குப் போடப்போற, எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பிறகு, "போட்டல்ல?" என்று கேட்டார்.

நீ எண்ணிய கணக்கு சரிதான். பதினோரு ஓட்டும் விழுந்தது. ஆனால் பதினோராவது என்னுடையதில்லை, அவருடையது. உன் கையிலிருந்த காகிதத்தில் பன்னிரண்டு என்று இருந்திருக்க வேண்டும்.

நான் அவரிடமும் "ஆமா" என்றேன்.