மரி செய்த உருளை மிஷின்

சைகோன்,
11 ஆகஸ்ட் 1968

அன்பு மகன் ஜெராருக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை மரியும் முழுசாக இருக்கிறோம், இந்த ஊரில் இப்போது அதுவே பெரிய சுகம். மர்சேயில் உனக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாதென்று ஜெபமாலை சொல்லாத நாளில்லை. மே மாதச் சண்டையில் நம் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான் வரிசை வரிசையாக எரிந்துபோயிற்று. பிரான்சில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறேன், மரியை உடனே அனுப்புங்கள் என்று நீ எழுதியது வந்து சேர்ந்தது. அவள் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கோபப்படாமல் இதை முழுக்கப் படி.

வீடு எரிந்த ஜனங்களின் பிள்ளைகளை, மரி கணக்குச் சொல்லிக்கொடுக்கிற கன்னியர் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். உட்காரப் பெஞ்சு இல்லை, மழைத் தண்ணீர் ஊறுகிற தரையில் உட்கார்ந்துதான் பிள்ளைகள் எழுதினார்கள். பட்டாளத்துக் குண்டுப் பெட்டிகளைப் பிரித்த பலகை கோயில் கொல்லையில் குவிந்து கிடந்தது. அதில் சில பெஞ்சு அடித்துப் போட்டதும் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தொடையில் சிலாம்பு ஏறிச் சீழ் பிடித்துவிட்டது. இழைப்புளி போட்டால் அந்த மரம் நார்நாராகப் பிய்ந்து வருகிறது, கையால் உப்புத்தாள் தேய்த்தால் ஒரு பலகைக்கே காலைப்பொழுது போய்விடுகிறது. மரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "தேய்க்கிறதுக்கு ஒரு மிஷின் பண்ணப் போறேம்மா" என்றாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மார்க்கெட் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தாரே மீரா சாகிப், அவர் பூட்டிக் கிடந்த கிடங்கிலிருந்து தண்ணீர் பம்பு மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். "பொம்பளப் புள்ள கேக்குது, நல்லதுக்குத்தான் கேக்கும்" என்று சொல்லி சிக்லோ ரிக்ஷாவில் ஏற்றிவிட்டாராம். சோலோன் கடைத்தெருவில் பழைய லாரி இரும்பு விற்கிறவனிடம் நீளக் கம்பியும் பேரிங்கும் வாங்கினாள். வட்ட வட்டமாக மரத்தை அறுத்துக் கம்பியில் கோத்துப் பசை போட்டு ஒட்டினாள், பூரிக்கட்டையைப் போல் பத்து மடங்கு ஓர் உருளை ஆயிற்று. அதை மோட்டாரால் சுழலவிட்டு, உப்புத்தாள் ஒட்டிய பலகையைக் கீழேயிருந்து கொடுத்தே மேடு பள்ளமில்லாமல் உருட்டி எடுத்தாளே, அந்த யோசனை எங்கிருந்துதான் வந்ததோ. பிறகு காயத்துக்குத் துணி சுற்றுகிற மாதிரி உப்புத்தாளைச் சாய்வாகச் சுற்றினாள். உருளைக்கு அடியில் ஒரு மேசைப்பலகை, அதன் ஒரு பக்கம் கீல், மறுபக்கத்தைத் தாங்குவது கார் தூக்குகிற ஜாக்கி. ஜாக்கியைக் கொஞ்சம் திருகினால் மேசை மயிரிழை உயரும், அதன்மேல் பலகையைத் தள்ளினால் உருளை தேய்த்து மறுபக்கம் விடும்.

முதல் நாள் நம் வீட்டில் அது ஓடும்போது பலகைக்குள் ஒடிந்து நின்ற ஆணி ஒன்று பட்டுத் தாள் கிழிந்து, பொறி பறந்து, பலகை திரும்பிப் பாய்ந்து வந்து அடுக்களைக் கதவை உடைத்தது. மரி ஒரு சாண் தள்ளி நின்றதால் பிழைத்தாள். அப்பா முகமெல்லாம் வெளுத்துப்போய், "வெளிய இருக்கிற சண்டை போதாதா, தூக்கிப் போடு இதை" என்றார்.  மரி மறுநாள் பழைய ரேடியோவிலிருந்து காந்தத்தை எடுத்து, ஒவ்வொரு பலகையின்மேலும் இஸ்திரி போடுவதுபோல் நகர்த்தினாள். ஒட்டிக்கொள்கிற இடத்திலெல்லாம் ஆணியைத் தோண்டி எடுத்தாள். பலகைக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டாள். அதன்பிறகு ஒன்றும் பறக்கவில்லை. பலகையில் அச்சடித்த பட்டாள எழுத்து முதல் தடவை மங்கும், இரண்டாம் தடவை போய்விடும், அடியிலிருந்து வெண்ணெய் நிறத்தில் மரம் வரும். கை வைத்துப் பார்த்தேன், என் வயிற்றில் பிறந்தவளா இவள் என்று இருந்தது. அப்பா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தானாகவே வந்து மறுபக்கம் நின்று பலகை வாங்க ஆரம்பித்தார். வீடெல்லாம் தூசு, சோற்றிலும் தூசு, போகட்டும். பள்ளிக்கூடம் முழுக்கப் பெஞ்சு போட்டாயிற்று, அந்தச் சின்னப் பெண் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சறுக்கி விளையாடியதை நானே பார்த்தேன்.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலுக்குக் கட்டை தேய்த்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். உன்னிடம் போகச் சொன்னால், "நான் போயிட்டா மிஷினை யாரு ஓட்டுவா?" என்கிறாள். அவள் திறமை எனக்குப் பெருமைதான், ஆனால் ராத்திரி குண்டுச் சத்தம் கேட்கும்போது அவள் இங்கே இருக்கிறாளே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதனால், எனக்குக் கற்றுக்கொடு என்றேன். சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகி, தலையில் துணி கட்டி, காந்தம் பார்ப்பது, ஜாக்கி திருகுவது, தாள் மாற்றுவது எல்லாம் கற்றேன். போன வெள்ளிக்கிழமை அவள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்க, ஆஸ்பத்திரிக் கட்டைகளில் ஒரு கட்டு முழுவதும் நானே தேய்த்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு, "சரிம்மா, போறேன்" என்றாள்.

அக்டோபர் விமானத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, அப்பா வீட்டை விட்டு வர மாட்டார், எனக்கும் இங்கே வேலை இருக்கிறது. தங்கையிடம் குரலை உயர்த்தாதே, அவள் ஏதாவது செய்யப் போகிறேன் என்றால் இடம் ஒதுக்கிக் கொடு. தேவமாதா உங்கள் இருவரையும் தன் நிழலில் வைத்துக் காக்கட்டும். பருத்திப் பாவாடையோடுதான் வந்து இறங்குவாள், கம்பளிக் கோட்டு ஒன்று கையோடு எடுத்துக்கொண்டு போ, மறந்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மாதலேன்