பிள்ளைகள் வரிசையில் நின்ற ஞாயிறு

அடைக்கல வீடு,
பூனாகலை றோட்டு, பண்டாரவளை.
3-4-1913

அன்புள்ள ஸஹாப்தீன் நானாவுக்குக் கூடப்பிறவாத தங்கச்சி றோசாலி எழுதிக்கொள்வது.

புது மண்டபத்துக்குக் கூரைத் தகரம் நேற்று மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு மூட்டை பேரீச்சம்பழம். அது ஸவாஹிரா மதினியின் வேலை என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் அவ்வளவு தாராளக்காரர் இல்லை. பிள்ளைகள் கொட்டையைக்கூடச் சூப்பி முடித்துத்தான் விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பிலிப்பு இருந்திருந்தால் இந்தத் தகரத்தைத் தானே தோளில் சுமந்து ஏற்றியிருப்பார். இந்தியாவிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனத்துக்கு வாந்திபேதி கண்டபோது பார்க்கப் போனவர், அதிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் தூக்கிக்கொண்டு வந்த அநாதைப் பிள்ளைகளை நான் வைத்திருக்கிறேன். பதுளைக் கடைத்தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் உண்டியல் குலுக்கி நீங்கள் பண்டு சேர்க்காவிட்டால் இதுகளுக்குக் கஞ்சி ஏது?

இராக்கம்மா என்று ஒருத்தி கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ராவோடு ராவாக நடந்து வந்தாளே, நினைவிருக்கிறதா? பதினாறு வயசுதான். செத்துப்போன தாய் தகப்பன் பட்ட கடனைக் கங்காணி அவள் தலையில் கட்டியிருந்தான். வந்த நாள் முதல் துணி மூட்டையைத் தலைக்கு வைத்துக் கதவோரம்தான் படுப்பாள், எழுந்து ஓடத் தோதாக. போன கிழமை மூட்டையை அவிழ்த்துத் துணியைக் கொடியில் போட்டாள், நானா! எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது சின்னதுகளெல்லாம் அவள் முந்தானையை விடுவதில்லை.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
றோசாலி


பதுளை, கடைத்தெரு.
14-4-1913

என் அன்புத் தங்கச்சி றோசாலிக்கு,

ஆண்டவன் உன்னையும் பிள்ளைகளையும் நல்லபடி வைக்கட்டும். என்னைக் கஞ்சன் என்று எழுதியதை ஸவாஹிரா இரண்டு தரம் உரக்க வாசித்துக் காட்டினாள். உனக்குச் சந்தோசம்தானே?

ஒரு சங்கடம். கடைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். ஷுக்ரி ஹாஜியார் என் துணிக்கடைக்குள் வந்து, "என்ன நானா, நாங்க போடுற காசு எங்க போகுதுன்னு கண்ணால காணணுமே" என்றார். இன்னொருவர், கங்காணிமார்தான் நமக்கு வாடிக்கை, அவர்கள் ஆட்களை ஒளித்து வைக்கிற வீட்டுக்கு நாமே சோறு போடுவதா என்கிறார். இப்படியே விட்டால் பண்டு நின்றுபோகும் தங்கச்சி. கண்ணால் பார்த்தால் மனம் இளகும். அதனால் புது மண்டபத்தை வைகாசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து வைப்போம். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். முடியாது என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் நலம் நாடும்,
ஸஹாப்தீன்


பண்டாரவளை,
19-4-1913

அன்புள்ள நானாவுக்கு,

காட்சிப் பொருளாக நிறுத்த என் பிள்ளைகள் என்ன கண்ணாடி வளையலா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு அரிசிப் பானையைத் திறந்து பார்த்தேன். வாருங்கள்.

ஒன்றே ஒன்று. தோட்டத்து ஆள் யாரும் வரக்கூடாது. துரை வேண்டாம், கணக்கப்பிள்ளை வேண்டாம், முக்கியமாகக் கங்காணி வேண்டாம். திறப்பு விழா என்றதும் இராக்கம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, கங்காணி வருவாராக்கா?" என்று கேட்டாள். "நானா கூட்டிட்டு வர்றது கடைக்காரங்கள மட்டும்தான். தோட்டத்திலேருந்து ஒரு ஈ காக்கா வராது, இது சத்தியம்" என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன். என் வார்த்தை உங்கள் கையில் இருக்கிறது.

றோசாலி


பதுளை,
6-5-1913

என் அன்புத் தங்கச்சிக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் யாவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்னும் கடைத்தெருவே பேசுகிறது! காலைப் பனி விலகுமுன் நாங்கள் மேளம் முழங்க மேட்டில் ஏறி வரவும், அந்தப் பிள்ளைகள் ஒருவரும் சொல்லாமலே மளமளவென்று ஓடிவந்து வரிசையாக நின்றார்களே, அப்பப்பா! ஒரே மாதிரி சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு, ஒரு சத்தமில்லை, ஓர் அசைவில்லை. தீனியை நீட்டியபோதுகூட ஒருவரும் கைநீட்டவில்லை. "என்னா ஒழுக்கம், எங்க வீட்டுப் புள்ளைகளுக்கு வருமா இது!" என்று ஷுக்ரி ஹாஜியார் கைதட்டிவிட்டார். பண்டை இரட்டிப்பாக்க அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள். இனி உனக்கு அரிசிக் கவலை இல்லை.

மேளத்தைப் பற்றிக் கோபித்துக்கொள்ளாதே. மேளச் சத்தம் இல்லாமல் ஒரு திறப்பா? பண்டாரவளையில் வேறு ஆள் அகப்படவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து மேளக்காரர் இரண்டு பேரைப் பிடித்தேன். மேளக்காரர்தானே, கங்காணி இல்லையே. "என்ன அடிக்கணுங்க நானா?" என்று கேட்டார்கள். "தினம் அடிக்கிறத நல்லா ஓங்கி அடிங்கப்பா" என்றேன். என் காதுக்கு எல்லா அடியும் ஒன்றுதான்.

நீ மட்டும் ஏன் முகங்கொடுத்துப் பேசவில்லை? களைப்பா?

ஸஹாப்தீன்


பண்டாரவளை,
12-5-1913

நானாவுக்கு,

களைப்பில்லை.

உங்கள் மேளக்காரர்கள் அடித்தது பெரட்டு மேளம். விடியற்காலையில் லயத்துச் சனத்தை எழுப்பி, கங்காணிக்கு முன்னால் ஆள் கணக்குக்கு நிறுத்துகிற அடி. நிற்காதவர்களுக்கு அன்று பிரம்படி. ஒழுக்கம் என்று நீங்கள் கைதட்டியது அந்தப் பயத்துக்குத்தான். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டதும் மலைக்கு வேலைக்குப் போகத்தான். மூன்று பிள்ளைகள் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போயிருந்தார்கள். உங்களில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

நானும் பட்டணத்தில் பிறந்தவள். லயத்தில் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. மாலையும் கையுமாக வாசலில் சிரித்துக்கொண்டு நின்றேன், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும்வரை. அதற்குள் இராக்கம்மா குசினிப் பக்கமாகப் போய்விட்டாள். கொடியில் அவள் துணி இல்லை. சின்னவள் றீட்டாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்: "கங்காணி என்னத் தேடித்தான் வந்திருக்காரு. நான் தோட்டத்துக்கே போயிட்டா ஒங்கள விட்டுருவாங்க. நீ பேசாம நில்லு."

கொஸ்லந்தைக்குப் போனேன். தேயிலைக்குள் கூடையோடு நின்றாள். காவல்காரன் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, "ராக்கு, கங்காணி வரலடி, அது திறப்பு விழாவுக்கு அடிச்ச மேளம்டி" என்றேன். கொழுந்து எடுக்கிற கையை அவள் நிறுத்தவில்லை. "இப்பத் தெரிஞ்சு என்னக்கா செய்ய? தோட்டத்துல பேர் பதிஞ்சாச்சு. நீங்க சத்தியம் பண்ணீங்களேக்கா" என்றாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

உங்கள் மேல் எனக்குள்ள கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

றோசாலி


பதுளை,
2-6-1913

தங்கச்சி றோசாலிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஸவாஹிரா என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இத்தனை வருசம் தோட்டத்துச் சனத்துக்குத் துணி முழம் போட்டேன். அவர்கள் எந்தச் சத்தத்துக்கு எழும்புகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லையே நான். என்ன மனிசன் நான்!

கொஸ்லந்தைக்குப் போனேன். அந்தக் கங்காணி தீபாவளிக்கு என் கடையில்தான் உடுப்பு எடுப்பவர். பிள்ளையின் கடனை நான் தீர்க்கிறேன், அவளை விட்டுவிடுங்கள் என்று அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். தேத்தண்ணீர் தந்து உபசரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "நானா, அவ தானா வந்து, என்னத் தவிர யாரையும் கேக்காதீங்கன்னு கும்பிட்டா. சரின்னுட்டேன். நீங்க அவளத் திரும்பக் கேட்டா, நான் அந்த வீட்டுல இருக்கிற மத்தப் புள்ளைகளக் கேக்க வேண்டி வரும். எப்படி வசதி?"

கோப்பையைக் கீழே வைத்தேன், றோசாலி. எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை செய்துகொண்ட பேரத்தை நான் உடைத்தால் மற்றவர்கள் போவார்கள். உடைக்காவிட்டால் அவள் அங்கேயே கிடப்பாள்.

நேரில் வந்து உன்னிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை வருகிறேன். வராதே என்று எழுதாதே, தங்கச்சி.

ஸஹாப்தீன்


பண்டாரவளை,
18-6-1913

பதுளைக் கடைக்காரர் தருமப் பண்டின் தலைவர் ஸஹாப்தீன் அவர்களுக்கு,

இந்த மாதத்து அரிசியும் பருப்பும் குறைவில்லாமல் வந்தன. பண்டுக்காரர்கள் எல்லாருக்கும் என் நன்றியைத் தெரிவிக்கவும்.

திங்கட்கிழமை நீங்கள் வந்தபோது நான் சந்தைக்குப் போயிருந்தேன். வேண்டுமென்றுதான் போனேன். நடந்ததை றோட்டோரக் கடைக்காரர் சொன்னார். உங்கள் சிவப்புத் தொப்பி மேட்டில் தெரிந்ததும் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிப்போய்ச் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்களாம். மேளம் இல்லை, ஒன்றுமில்லை. "போங்க புள்ளைகளே, விளையாடுங்க, நான் ஒண்ணும் செய்யமாட்டேன்" என்று நீங்கள் கெஞ்சினீர்களாம். ஒருவரும் அசையவில்லையாம். மஸ்கட் இனிப்புப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனீர்களாம். நீங்கள் வளைவைத் தாண்டிய பிறகும் அவர்கள் வெகுநேரம் நின்றார்களாம்.

பண்டை நிறுத்திவிட வேண்டாம். எனக்கு ரோசம் காட்ட வழியில்லை, பிள்ளைகள் சாப்பிட வேண்டும். வண்டியில் அனுப்புங்கள், கணக்கை நான் ஒழுங்காக எழுதி அனுப்புவேன். மதினி வரட்டும், எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது நானா. கோபம் இருந்தபோதுகூட இதைவிடச் சுகமாக இருந்தது. பிலிப்பு போனபிறகு எனக்கென்று இருந்தது உங்கள் வீடு ஒன்றுதான்.

நேற்று றீட்டா வந்து, "அக்கா, நானா திரும்ப எப்ப வருவாரு? நாங்க எப்ப நிக்கணும்?" என்று கேட்டாள். "நானா இனிமே வரமாட்டாரு. நீங்க நிக்க வேணாம்" என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு தரம் அப்படிக் கைவைத்துச் சொன்னது பொய்யாகிப் போயிற்று. இதையும் பொய்யாக்கிவிடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
றோசாலி