முந்திச் சொன்ன பாங்கு

2026 ஜனவரி 29

பள்ளிவாசல் கணினியை இனி நான் தொடக்கூடாதாம். செயலாளர் மிஹ்லார் அஸர் தொழுகை முடிந்ததும் ஜமாஅத்தார் முன்னால் சொன்னான். "இவன்ட கை படுறதாலதான் மிசின் கெட்டுப் போகுது. இனி றிஸ்வான் பார்ப்பான்." றிஸ்வான் அவன் மச்சினன். வேறென்ன.

சுவர்த் திரையில் தொழுகை நேரம் காட்டுவது அந்தக் கணினிதான். மோதினார் அதைப் பார்த்துத்தான் பாங்கு சொல்வார். அதைப் பொருத்திப் பூட்டிக் கொடுத்தவனே நான். எனக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இருக்கட்டும். எனக்கும் ஒரு நாள் வரும்.

பெப்ரவரி 4

றிஸ்வான் புது றவுட்டர் பூட்டியிருக்கிறான். திரையின் மூலையில் மஞ்சள் முக்கோணம். பார்த்ததும் விளங்கிவிட்டது. கணினி இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். புது றவுட்டர் அந்த வழியை மட்டும் அடைத்துவிட்டது. யூடியூப் ஓடுகிறது, ஆகவே எல்லாம் சரி என்று நினைக்கிறான் மடையன். தனியே விட்டால் அந்தப் பழைய கணினி முந்தி ஓடும்.

சொல்ல மாட்டேன்.

பெப்ரவரி 20

நோன்பு தொடங்கிவிட்டது. திரை முந்துகிறது. பேணுதலுக்காக அட்டவணையில் சூரியன் மறையும் நேரத்தோடு இரண்டு மூன்று நிமிடம் கூட்டித்தான் போட்டிருக்கிறார்கள், அதனால் இப்போதைக்குப் பழுதில்லை. அதையும் தாண்டட்டும். இரவு தராவீஹ் தொழுகையில் மிஹ்லாரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதெல்லாம் ஒரு தொழுகையா?

மார்ச் 9

நடந்துவிட்டது. நோன்பு திறக்கிற மாலைப் பாங்கு கேட்டதும் போனைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் முந்தி! மனதுக்குள் சந்தோஷம், பொய் சொல்லவில்லை. நிமிர்ந்தால், மனைவி ஹுஸ்னியா கஞ்சியில் பாதி குடித்துவிட்டாள். பிறகுதான் மற்றப் பள்ளிகளின் பாங்கு ஒவ்வொன்றாக வந்தது.

கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் வாயில ஒண்டும் வைக்கல்ல?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் பேரீச்சம்பழத்த எடுக்கக்குள்ள நீங்க போனத்தானே எடுத்தீங்க. முந்தியே தெரியும், என்ன?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? மிஹ்லார்ட வீட்டாரும் இந்தப் பாங்குக்குத்தானே நோன்பு திறந்திருப்பாங்க — அதத்தானே மனசால கேட்டேன்? என்ட வீட்டயும் சேத்தா கேட்டேன்?

மார்ச் 10

முந்தித் திறந்தவர்கள் அந்த நோன்பைக் கழாவாகத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று மௌலவி அறிவித்தார். மிஹ்லார் என் வீட்டு வாசலுக்கே வந்தான். "தம்பி, ஒருக்கா வந்து பாருங்க. சனம் என்னக் கிழிக்குது."

பள்ளியில், எல்லாரும் கேட்க அதையே இன்னொரு முறை சொல்ல வைத்தேன். சொன்னான். றவுட்டரில் தடையை எடுத்தேன், முக்கோணம் போயிற்று. றிஸ்வான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆசை தீரப் பார்த்தேன்.

ஏப்ரல் 6

ஹுஸ்னியாவுக்கு இன்று கழா நோன்பு. எனக்குக் கழா இல்லை. நான்தான் அன்று வாயில் வைக்கவில்லையே.

பாங்கு சொன்னார்கள். "நேரம் சரிதான், திற" என்றேன். அவள் சம்மாந்துறையிலிருக்கும் தங்கச்சிக்குப் போனில் கோல் எடுத்தாள்.

"ஜெனூபா, அங்க பாங்கு சொல்லியாச்சா புள்ள?"

பதிலைக் கேட்டபிறகுதான் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தாள்.