ஸ்டெல்லா கல்லறைக்கு வரவில்லை

அக்டோபர் 29, புதன்

காலையிலிருந்து மழை. மழையில் யார் பெயின்ட் வாங்குவார்கள்? கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு மட்டும் போகிறது. எங்கள் பையன் ஜோயல் கல்லறைக்கு ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்தேன். மூன்று வருஷமாக நானும் என் மனைவி ஸ்டெல்லாவும்தான் அடிக்கிறோம். இந்தத் தடவை கூப்பிட்டதற்கு அவள் சொன்னாள்:

"நான் வரலங்க. அங்க அவன் இல்ல. உடம்பு வெறும் சட்டைன்னு பிரதர் சொல்றாரு."

பிரதர் என்றால் கூடுவாஞ்சேரியில் வாடகை வீட்டில் ஜெபக் கூட்டம் நடத்துகிறவர். ஆறு மாதமாகப் போகிறாள். சர்ச்சில் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அக்டோபர் 31, வெள்ளி

பிரதருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்க ஃபாதரைப் பார்த்தேன். அவர் சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டேன். இயேசுவுக்குப் பசித்தது. கிணற்றடியில் களைத்து உட்கார்ந்தார். நண்பன் செத்ததற்கு அழுதார்.

சாயங்காலம் கூட்டத்துக்கே போனேன். ஸ்டெல்லா முன்வரிசை. திரும்பிப் பார்க்கவில்லை. பிரதரிடம் நேராகவே கேட்டேன்.

"கடவுள் ரத்தமும் சதையுமா வந்தாருன்னா அவருக்கே கேவலம் அண்ணே. அது வெறும் தோற்றம்."

"தோற்றத்துக்கா தம்பி ஆணி அடிச்சாங்க?"

"அடிச்ச மாதிரி தெரிஞ்சுது."

"அப்ப வலிச்சது?"

"கடவுளுக்கு ஏதுண்ணே வலி? நீங்க பெயின்ட் கடை, மேல்பூச்சு உங்களுக்குத் தெரியாததா?"

எல்லோரும் சிரித்தார்கள். கடையில் போலிச் சரக்கோடு வந்த எத்தனை பேரை மடக்கியிருப்பேன். இங்கே, மனப்பாடம் செய்தது பாதி மறந்துபோனது.

நவம்பர் 1, சனி

தனியாக வெள்ளையடித்தேன். காய்வதற்குள் மழை. பாதி கரைந்துவிட்டது. பக்கத்துக் கல்லறைக்கு வெள்ளையடிக்க வந்தவர், "அக்கா வரலையா?" என்று கேட்டார். "சளி" என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஃபாதர் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மெழுகுவர்த்தி நிற்கவில்லை, காற்று.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவிடம் கேட்டே விட்டேன். அந்த ஆள் சொல்வது பொய் என்று தெரியவில்லையா என்று.

"கடவுளுக்கே வலிச்சுது ஸ்டெல்லா. நம்ம மாதிரியே உடம்போட பொறந்து, நெசமாவே வலிச்சுது. அதான் ஆஸ்பத்திரியில ஜோயல் பட்டது அவருக்குத் தெரியும். அதை வுட்டா நமக்கு வேற என்ன இருக்கு?"

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"வெறும் சட்டைன்னா புள்ளைக்கு வலிச்சிருக்காதுல்ல. அதைக் கேட்டப்புறம்தாங்க தூங்குறேன். வலிச்சுதுன்னு சொல்றீங்களா? நீங்கதான கூட இருந்தீங்க. சொல்லுங்க."

கடைசி ராத்திரி இவளை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே நான்தான் இருந்தேன். அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருமுனை வந்த பிறகுதான் உறைத்தது, இன்று ஞாயிறு, கடை கிடையாது.