சாமியாரைக் கெடுத்தவள்

7 ஆகஸ்ட் 2024, புதன்

நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் காலைக்கூடக் கழுவாமல் கேட்டார். "சனிக்கிழமை குருமடத்துக்கு வர்றியா? பழைய மாணவர் எல்லாரும் குடும்பத்தோட வரணுமாம்." வருஷா வருஷம் கேட்கிறார். வருஷா வருஷம் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

எந்த முகத்தோடு போவேன்? அங்கே சாமியாருக்குப் படித்தவரைக் கெடுத்தவள் என்றுதானே இந்த ஊரில் எனக்குப் பேர். லீவுக்கு வந்த பிள்ளை, கோயில் பாடற்குழுவில் என் குரலைக் கேட்டு மயங்கி, அங்கியே வேண்டாமென்று திரும்பிவிட்டாராம். "ஆண்டவருக்குக் குடுத்த புள்ளயப் பறிச்சிட்டா" என்று என் மாமியார் சாகும்வரை சொன்னார்.

உண்மையைச் சொன்னால் அதில் எனக்கொரு கர்வமும் உண்டு. கடவுளையே விட்டுவிட்டு என்னிடம் வந்த ஆள் என்று. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

9 ஆகஸ்ட்

வருகிறேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். என்ன புத்தியோ.

10 ஆகஸ்ட், சனி

குத்தாலம் தாண்டி வாய்க்காலை ஒட்டி இருக்கிறது குருமடம். உள்ளே நுழைந்ததும் அவர் ஆளே மாறிவிட்டார். "இங்கதான் என் கட்டில். இந்தக் கிணத்துலதான் வரிசையா நின்னு குளிப்போம். வெள்ளிக்கிழமைன்னா கருவாட்டுக் குழம்பு, வாசம் படிப்பறை வரைக்கும் வரும்." பேரன் எடுத்த மனுஷர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி முன்னால் ஓடுகிறார். இவ்வளவு பிரியமான இடத்தையா எனக்காக விட்டார்?

அவரோடு படித்த ஃபாதர் ஜெக்கரியாதான் இப்போது அங்கே அதிபர். பின்கட்டில் ஒரு பழைய நெல் களஞ்சியத்தைக் காட்டினார். பிரான்சிலிருந்து வந்த ஒரு சாமியார் இதில்தான், பண்ணையாட்கள் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரோடு குருமடத்தைத் தொடங்கினாராம். விடியுமுன் தியானம். வயலில் உழைத்துப் பழகிய உடம்பு, மூன்று பேர் தூங்கித் தூங்கி விழுந்திருக்கிறார்கள். இவர்களுக்குச் சாமியாராகும் தேவ அழைத்தல் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாலாமவர் காலராவில் போனதும் மடமே மூடிக்கிடந்தது. பிறகு வேறொரு சாமியார் வந்தபோது, அந்த மூன்று பேருமே பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, செங்கல் அறுத்து இந்தக் கட்டடத்தை எழுப்பினார்களாம்.

"அனுப்பிவிடப்பட்டவங்க கட்டின மடம்மா இது" என்றவர், இவர் தோளைத் தட்டினார். "உங்க ஆளும் அந்தப் பரம்பரைதான். தியானத்துல விடுற குறட்டையில மணிச்சத்தமே கேக்காது. அப்ப அதிபரா இருந்த ரெக்டரும் எத்தனை நாள்தான் பொறுப்பாரு?"

இவர் சுவரைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்பது ஃபாதருக்கு அப்போதுதான் புரிந்தது.

அனுப்பிவிட்டார்கள். அவராக வரவில்லை.

11 ஆகஸ்ட்

பேசவில்லை. பூசையில் பாடவும் இல்லை.

13 ஆகஸ்ட்

கேட்டேவிட்டேன். ஏங்க மறைச்சீங்க? உங்க அம்மாகிட்ட எத்தனை ஏச்சு வாங்கினேன்?

"அனுப்பிட்டாங்கன்னா அம்மா தாங்கியிருக்காது. பொண்ணுக்காக வந்துட்டான்னு ஊரே அதுவாப் பேசுச்சு. நான் மறுக்கல. அது எனக்கும் கொஞ்சம் கௌரவமா இருந்துச்சு."

அப்ப என் பாட்டு?

"திரும்பி வந்த புதுசுல, சாமியார் படிப்ப விட்டவன்னு கோயில்ல என் பக்கத்துல ஒருத்தரும் உக்காரல. நீதான் பாட்டுப் புத்தகத்தை நீட்டி, 'ஆம்பளக் குரலுக்கு ஆளில்ல, பாட வாங்க'ன்னே. அதுக்கப்புறந்தான் எல்லாம்."

அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நீலத் தாவணி கட்டியிருந்தேன். அவர் சுருதி சேராமல் பாடினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டேன். இப்போது அதை நினைத்து அழுகிறேன் — கோபமா, வேறேதாவதா?

30 ஆகஸ்ட்

நடவு முடிந்தது. சோற்றை அவரே போட்டுக்கொள்கிறார். போட்டுக்கொள்ளட்டும்.

8 செப்டம்பர், ஞாயிறு, மாதா பிறந்தநாள்

பூசை முடிந்து கோயில் வாசலில் சாப்பாடு. மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்த நாத்தனார், இலை போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார். "இன்னிக்கு என் தம்பி அந்தப் பீடத்துல நிக்க வேண்டியவன். இவ கெடுத்தா." ஊர் முழுக்கப் பந்தியில் இருந்தது.

பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாளியைக் கீழே வைத்தார்.

"இவ கெடுக்கலக்கா. தூக்கந்தான் கெடுத்துச்சு. தியானத்துல குறட்டை விட்டேன், வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

பந்தி முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் காதெல்லாம் சிவந்து நின்றார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். நான் அப்பளக் கூடையோடு அவர் பின்னாலேயே போனேன்.